மேஸ்திரி முகம் கழுவும் நேரம்

சாயங்காலம் ஐந்தரை மணி ஆனதும் மேஸ்திரி தட்சிணாமூர்த்தி முகம் கழுவப் போவார்.

திண்டிவனத்தில் நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மல்லாட்டை குடோனின் பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. அதன் மேல் ஒரு குழாய். மேஸ்திரி தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைப்பார். பிறகு குனிந்து கழுவ ஆரம்பிப்பார். முகம், காதுக்குப் பின்னால், கழுத்து, முழங்கை வரை கை. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி முகத்திலிருந்து தொடங்குவார். அவ்வளவு நேரமும் அவர் முதுகு குடோனைப் பார்த்தபடி இருக்கும்.

உள்ளே தரையில் உட்கார்ந்து பயிறு பொறுக்கும் பெண்கள் அந்த நேரத்தில்தான் எழுந்திருப்பார்கள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர், பயிறு என்றால் தோல் உடைத்த மல்லாட்டைப் பருப்பு. சொத்தை, சுருங்கியது, கல், மண்கட்டி எல்லாவற்றையும் காலையிலிருந்து பொறுக்கித் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் குவித்து வைத்திருப்பார்கள். எழுந்திருக்கும்போது ஒவ்வொருத்தியும் அந்தக் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி இடுப்பு மடியில் போட்டுக்கொள்வாள். ஒரு கைதான். இரண்டாவது கை அள்ளுகிறவளைப் பக்கத்தில் இருக்கிறவளே முறைப்பாள்.

கடைசிப் பெண் கேட்டைத் தாண்டிய பிறகு மேஸ்திரி குழாயை மூடுவார். துண்டால் முகத்தை ஒற்றிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லாரும் கிளம்பிட்டாங்களா என்று யாரையும் பார்க்காமல் கேட்பார். லாரி மேல் நிற்கும் நாங்கள், கிளம்பிட்டாங்க மேஸ்திரி என்போம்.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. மேஸ்திரி பெண்களிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை, பெண்களும் அவரிடம் பேசியதில்லை. அதைக் கெடுத்தவன் யார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவன்தான் வாராவாரம் உங்களுக்கு இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எம்.சி. லோடு

தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வாசகர்கள் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ராப் பாடுவதை ஏன் விட்டீர்கள்?

மேடைகளில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். பாட்டு கோபத்தைக் கிளப்பும், எழுத்துதான் அந்தக் கோபத்துக்குக் காரணத்தைச் சொல்லும் என்பேன். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இதைச் சொன்னபோது மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடை கூடப் போர்த்தினார்கள். பதில் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைதான் அதில் குறைவு.

அப்போது எனக்கு எம்.சி. லோடு என்று பெயர். பெயரை வைத்தவன் சாதிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடையின் பின்னால் ஒரு ஆள் நிற்கக்கூடிய அறை. சுவரில் இரண்டு கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு அதை ஸ்டூடியோ என்று சொல்வான். கம்பளிக்கெல்லாம் பாண்டிச்சேரி பஸ்ஸின் ஹாரன் கட்டுப்படுமா? எங்கள் முதல் பாட்டில் மூன்று இடத்தில் ஹாரன் வரும். கேட்டவர்கள் அதை வேண்டுமென்றே வைத்தது என்று நினைத்துப் பாராட்டினார்கள். நாங்களும் ஆமாம் என்று சொல்லிவிட்டோம்.

காலை முழுக்க மூட்டை. மத்தியானம் லாரி வரத் தாமதமானால் சாதிக் கடைக்கு ஓடுவேன். உடம்பெல்லாம் மல்லாட்டைத் தூசு ஒட்டியிருக்கும், உள்ளே விடுவதற்கு முன் என்னை வெளியே நிறுத்தித் துணியால் தட்டுவான். மைக்குக்குத் தூசு ஆகாது என்பான். எனக்கு ஆகுமா என்று அவன் கேட்டதில்லை.

முறத்தில் தாளம்

ராப்பை யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று பேட்டிகளில் கேட்பார்கள். வெளிநாட்டுப் பெயர்கள் இரண்டைச் சொல்லிவைப்பேன், அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா. அவளை இங்கே லூர்து என்று சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன், காரணம் கடைசியில் வரும்.

எங்களுக்கு ஒலக்கூர் பக்கம். அக்கா கல்யாணமாகித் திண்டிவனம் வந்தாள். மாமா வடக்கே லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா குடோனில் பயிறு பொறுக்கப் போனாள். நானும் அதே குடோனில் மூட்டை தூக்க வந்து அவள் வீட்டிலேயே தங்கினேன்.

வேலை முடிந்து வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவாள். பகலெல்லாம் பொறுக்கிய விரல்களுக்கு அது இன்னொரு பொறுக்கல். கண் அரிசியில் இருக்காது. விரல்கள் தானாகப் போகும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். குடோனில் அன்றைக்கு நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவாள். முதலாளி மூக்கை உறிஞ்சுகிற மாதிரி, மேஸ்திரி இருமுகிற மாதிரி, பக்கத்தில் பொறுக்கும் பெண்கள் சண்டை போடுகிற மாதிரி. பேச்சு சூடு பிடித்தால் முறத்தின் விளிம்பில் இரண்டு விரலால் தட்டுவாள். தட்டுக்குத் தகுந்தபடி வார்த்தைகள் விழும். அதை ராப் என்று சொல்லலாம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். அடுப்பில் அன்றைய ஒரு கை மல்லாட்டை வறுபட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் இட்லிக்கு அதுதான் சட்னி.

மேஸ்திரி முகம் கழுவுவதை நான் லாரி மேலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். மனிதர் சுத்தம் பார்க்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். அது என்ன என்று சொன்னவள் அக்காதான். ஒருநாள் சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டினாள். முறத்தைத் தொட்டி மாதிரி வைத்துக்கொண்டு, கழுவிய இடத்தையே மறுபடி மறுபடி கழுவினாள். நானும் சிரித்தேன். அன்றைக்கே அது எனக்குப் பாட்டாகத் தெரிந்துவிட்டது.

மாடியும் மடியும்

முதலாளி அந்த வருஷம் வீட்டின் மேல் இரண்டாவது மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். குடோனிலிருந்து பார்த்தால் சாரம் தெரியும். மாடிக்கும் மடிக்கும் நடுவில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். இது எனக்குத் தோன்றிய அன்று தூக்கிய மூட்டை எனக்குக் கனக்கவே இல்லை. இப்படி ஒன்று கிடைத்தபின் அதை விட எவனுக்கு மனது வரும்?

பாட்டுக்கு உரிமை என்று தலைப்பு வைத்தேன். அது இப்படிப் போனது:

பயிறு பொறுக்கி பொறுக்கி வெரலு தேயுது,
மொதலாளி வூடு மட்டும் மேல போவுது.
அவுருக்கு மாடி மேல மாடி ஏறுது,
எங்களுக்கு மடிதான், அதுவும் ஒரு கைதான்.
மேஸ்திரி மூஞ்சி கழுவுறாரு, கழுவுறாரு,
மடி நெறையற வரைக்கும் கழுவிக்கினே கீறாரு.

இடையில் ஒரு விஷயம். பல வருஷம் கழித்து ஒரு கட்டுரையில் இந்த மாடி மடியைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு கார்டு போட்டார். எதுகை என்றால் முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், ஒன்று நெடில் மற்றது குறில், ஆகவே இது எதுகையாகாது, மோனை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். இலக்கணப்படியும் தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டை அக்காவிடம் முன்கூட்டியே பாடிக் காட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அவர்களும் கேட்பார்கள்

நாங்கள் செய்த தவறைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலாளிகள் ராப் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தோம்.

ராப் எங்களுடையது, எங்கள் தெருவுடையது, மூட்டை தூக்குகிறவனும் மெக்கானிக்கும் செல்போனில் கேட்பது. அதில் எதை வைத்தாலும் அது எங்களுக்குள்ளேயே இருக்கும் என்று நானும் சாதிக்கும் நம்பினோம். இவ்வளவுக்கும் பாட்டை உலகம் முழுக்கப் பார்க்கக்கூடிய இடத்தில் ஏற்றியவர்கள் நாங்கள்தான். எல்லோரும் பகிருங்கள் என்று கெஞ்சியவர்களும் நாங்கள்தான்.

பாட்டு ஓடியது. ஒரு வாரத்தில் பஸ் டிரைவர்கள் வைத்தார்கள், டீக்கடையில் கேட்டது, ஸ்டேட்டஸில் வந்தது. சென்னையில் படித்துக்கொண்டிருந்த முதலாளியின் மகன் தன் நண்பர்களிடம், இது எங்க ஊர் பையன் பாடினது, எங்க குடோன்லதான் வேலை செய்யறான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறான். முதலாளி மாடி என்ற இடத்தில் சிரித்தாராம். மேஸ்திரி வந்த இடத்தில் இன்னொரு முறை போடச் சொன்னாராம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் வீரமாகப் பேசுவதற்கு இரண்டு வாக்கியங்கள் கூடத் தயார் செய்துகொண்டேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லா பாடறியேப்பா. நம்ம குடோனுக்குள்ள நடக்கறது எனக்கே தெரியாம இருந்துது. உன் பாட்ட கேட்டுத்தான் தெரிஞ்சிக்கினேன். தேங்க்ஸ்பா" என்றார்.

நான் தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை.

மேசை

அன்று சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் அதற்கு முன் நாங்கள் பார்த்திராத ஒரு அம்மா நின்றிருந்தார். வெளியே போகும் பெண்கள் வரிசையில் வந்து, மடியை அவிழ்த்து, மேசை மேல் உதறிக் காட்ட வேண்டும்.

மேஸ்திரி குழாய்ப் பக்கம் போகவில்லை. மேசைக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்திருந்தார்கள். முகத்தில் காலையிலிருந்து படிந்த தூசு அப்படியே இருந்தது.

வரிசையில் முதலில் நின்றவள் அக்கா. எப்போதும் ஜல்தியாக வீட்டுக்குப் போகிறவள், பிள்ளைகள் காத்திருக்கும். மேசையைப் பார்த்து நின்றாள். பிறகு மடியை அவிழ்த்தாள். பயிறு அப்போதும் அதில் இருந்தது, காரணம் யாரும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு கைப் பயிறும், வீட்டுச் சாவியும், தலைவலி மாத்திரை அட்டை ஒன்றும் மேசை மேல் விழுந்தன. அந்த அம்மா சாவியையும் மாத்திரையையும் மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாக வரிசையிலிருந்து விலகி உள்ளே போய், மடியில் இருந்ததைக் குவியலில் கொட்டிவிட்டு வந்து மறுபடி நின்றார்கள்.

நான் லாரி மேல் இருந்தேன். கையில் கொக்கி, எதிரே மூட்டை. எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே இறங்கியிருக்கலாம். மேசையைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம், என் பாட்டில் வருகிற ஆள் அதைத்தான் செய்திருப்பான். நான் இறங்கவில்லை. மூட்டையை இழுத்து அடுக்கினேன்.

அன்று வீட்டில் அக்கா சண்டை போடவில்லை. எனக்குச் சோறு போட்டாள். மறுநாள் காலையில் இட்லிக்குப் பொட்டுக்கடலை சட்னி. சின்னவள் மல்லாட்டை சட்னி கேட்டு அடம்பிடித்தாள். மல்லாட்டை தீர்ந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"நான் உன்கிட்ட சொன்னன்டா. ஊருக்கு சொல்லல."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் முறம் பேசவில்லை. அரிசியில் கல் பொறுக்கினாள், வாயை மூடிக்கொண்டு பொறுக்கினாள்.

பெயர் இல்லாதது

வர்க்கம் பற்றி நான் எழுதியதில் பலர் எடுத்துச் சொல்லும் ஒரு கட்டுரை உண்டு. அது பிறந்தது இந்த மேசையில்தான் என்று இதுவரை சொன்னதில்லை.

குடோனில் மூட்டை காய்ந்து எடை குறையும், அதற்கு ஒரு பெயர் உண்டு. எலி தின்னும், அதற்கும் ஒரு பெயர் உண்டு. லாரியில் ஏற்றும்போது சாக்கு கிழிந்து கொட்டும், மழையில் நனைந்து பூசணம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் முதலாளியின் நோட்டில் மரியாதையான பெயர்கள் இருந்தன. பொறுக்கியவள் அள்ளிய ஒரு கைக்கு மட்டும் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால்தான் அது அவ்வளவு வருஷம் பிழைத்திருந்தது. நான் அதைப் பாட்டில் வைத்து உரிமை என்று பெயர் சூட்டினேன். முதலாளி ஒரே நாளில் அந்தப் பெயரை அடித்துவிட்டுத் திருட்டு என்று எழுதிக்கொண்டார். பெயர் வைக்கும் வேலையை நான் ஆரம்பித்து வைத்தேன், முடித்து வைக்கும் வசதி அவரிடம்தான் இருந்தது.

இதையெல்லாம் பிறகு புத்தகங்கள் படித்து, கூட்டங்களுக்குப் போய், யோசித்துப் புரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம் வீட்டில் சட்னி மாறிவிட்டது என்பதுதான்.

தூசு

மேஸ்திரியைப் பொறுக்கும் இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்டில் வெயிலில் ஒரு ஸ்டூல் போட்டு, வருகிற போகிற லாரிகளின் நம்பரை எழுதும் வேலை கொடுத்தார்கள். கண் சரியில்லாத மனிதர். நம்பர் தப்பாகப் போயிற்று என்று கொஞ்ச நாளில் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அதற்குள் குடோனை விட்டிருந்தேன். பாட்டால் பெயர் கிடைத்து, கூட்டங்களில் பாடக் கூப்பிட்டார்கள். எழுதவும் சொன்னார்கள். பாடியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் லைக் போட்டார்கள்.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் ஒருநாள் மேஸ்திரியைப் பார்த்தேன். நழுவப் பார்த்தேன், அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார வைத்து எனக்கும் டீ சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கத் தடுமாறினேன். உங்க வேலை என்னாலதான் போச்சு மேஸ்திரி, அந்த விஷயத்தை நான் பாடியிருக்கக் கூடாது என்று ஏதோ உளறினேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"எந்த விஷயம் தம்பி?"

நீங்க முகம் கழுவறது என்றேன்.

"அதுவா. பயிறு தூசு, மூஞ்செல்லாம் ஒரே அரிப்புப்பா. அதான் கழுவுவேன். நீ வேற என்னாத்தையோ நெனச்சிக்கினு பாடிட்ட" என்றார்.

முகத்தில் சிரிப்பு இல்லை. வேலை போய், வெயிலில் காய்ந்து, இனிமேல் மறைப்பதால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை என்ற நிலையிலும் அந்த மனிதர் அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடம்கூட. டீக்குக் காசும் அவர்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பாட்டு எழுதினேன். இரண்டும் வானத்தையும் நெருப்பையும் பற்றியவை. கோபம் நிறைய இருந்தது, ஆள் ஒருவர்கூட இல்லை. சாதிக் கேட்டுவிட்டு, யாரைப் பத்தி மச்சான் பாடற என்றான். பிறகு நான் பாடவில்லை. ராப்பை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

"போவுது"

எழுத்தில் எனக்கு நல்ல பெயர். உழைக்கும் மக்களின் குரல் என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். செங்கல் சூளைக்காரர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் ஓட்டலில் மேசை துடைக்கிறவர்களும் என்னிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள்.

அக்காவிடம் போனில், வேலை எப்படிக்கா இருக்குது என்று கேட்பேன். போவுது என்பாள். அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குப் போனால் கறி போடுவாள், புதுச் சட்டை எடுத்து வைத்திருப்பாள், பிள்ளைகள் படிப்பு, மாமாவின் முதுகுவலி எல்லாம் சொல்வாள். குடோனை விட்டு வேறு வேலைக்குப் போனதையே சின்னவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷம் இப்படி. என் கட்டுரைகளை மாமா சத்தமாகப் படித்துக் காட்டுவாராம், அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விடுவாளாம்.

ஊரில் பாதிப் பேர் வேலையைப் பற்றி எழுதியவனுக்கு அக்கா வேலையைப் பற்றி ஒரு வார்த்தைக்கு மேல் தெரியாது. இது எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் தெரியும்.

கை கழுவும் இடம்

இந்த வருஷம் குடோன் பெண்களில் ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். நானும் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது எந்த இடம் என்று புரிந்தது. குடோனை இடித்துவிட்டுக் கட்டிய மண்டபம். முதலாளி குடும்பம் இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டது.

அந்தப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பட்டுச் சேலையில் எனக்குப் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்கு என்னைத் தெரிந்தது. ஒருத்தி, பாட்டுக்காரரு வந்துட்டாரு, மடிய பாத்து கட்டுங்கடி என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தப்பிக்க வேறு வழியில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனோம். வரிசையாகக் குழாய்கள், கண்ணாடி, சோப்பு. அக்கா கை கழுவியவள் குழாயை மூடாமல் நின்றாள்.

"இங்கதான்டா அந்த கொழா இருந்துது" என்றாள்.

மேஸ்திரி போன வருஷம் இறந்துவிட்டார் என்று அப்போதுதான் சொன்னாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து மாலை வாங்கிக்கொண்டு போனார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரிடம் இன்னொரு தடவை பேசியிருக்கலாமே என்று இருந்தது. டீக்கடையில் அவர் சொன்னதை முதல் முறையாக அக்காவிடம் சொன்னேன். தூசு, அரிப்பு, அதான் கழுவுவேன்னு சொன்னாருக்கா என்றேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். இப்போ நான் வேலை செய்யற எடத்துல ஒன்னு கீதுடா என்றாள்.

அரை மணி நேரம் சொன்னாள். அங்கேயும் ஒரு மேலாள் இருக்கிறார், அங்கேயும் ஒரு நேரம் இருக்கிறது. அவர் மாதிரி நடந்து காட்டினாள், குரலை மாற்றினாள். நாற்காலிக் கையில் இரண்டு விரலால் தட்டினாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு தட்டு பிசகவில்லை. நடுவில் என் கை தானாகப் பாக்கெட்டில் இருந்த போனைத் தேடியது. குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம். கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

"என்னா, எழுதப் போறியா?"

இல்லக்கா என்றேன்.

"மேஸ்திரி கதய எழுது. அவரும் போய்ட்டாரு, குடோனும் போய்ட்டுது. அவரு பேர மட்டும் மாத்தாத. நல்ல மனுஷன்னு ஊருக்குத் தெரியட்டும்."

உன் பெயர் என்று கேட்டேன்.

"என் பேர மாத்து. நான் இன்னும் வேலைக்கு போய்க்கினு கீறேன்டா" என்றாள்.

அதன்படியே செய்திருக்கிறேன். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று யாரும் தேட வேண்டாம். ஒலக்கூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் வேலை செய்யும் இடங்களுக்கா பஞ்சம்?

இந்த அத்தியாயத்தை இதுவரை எழுதி அனுப்பிய மறுநாள் வார இதழின் ஆசிரியர் போன் செய்தார். நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அக்கா கடைசியில் சொன்னது என்ன என்பதுதான் கதையின் உயிர், இடத்தையும் ஆளையும் மாற்றிவிட்டு அதை மட்டும் நான்கு வரி சேர்த்துக் கொடுங்கள், உள்ளே நடப்பதைத்தானே வாசகர்கள் உங்களிடம் எதிர்பார்க்கிறார்கள் என்றார். அன்பாகத்தான் கேட்டார். யோசித்துச் சொல்லுங்கள், லைனிலேயே இருக்கிறேன் என்றார்.

ஒரு நிமிஷம் சார், முகமெல்லாம் தூசு என்று சொல்லிவிட்டு, போனை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனேன். குழாயைத் திறந்து முகம் கழுவினேன். காதுக்குப் பின்னால் கழுவினேன், கழுத்தைக் கழுவினேன். முடிந்ததும் மறுபடி முகத்திலிருந்து ஆரம்பித்தேன்.